பாடாத சடுகுடு

(குடியாத்தத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடியாத்தத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். "பேசப் போறீங்களா, தாத்தா ஊரைப் பார்க்கப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். சரியான கேள்விதான். என் தாத்தா இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தலையில் ஒரு மூட்டையோடு நடந்தே கோலார் தங்கவயலுக்குப் போனவர். அவரைப் போல வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். பெரும்பாலோர் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவர்கள். ஊரின் நடுத்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள். நிலத்துக்கு மேலே இடம் கிடைக்காதவர்கள் நிலத்துக்குக் கீழே இடம் தேடிப் போனார்கள்.

இன்னொரு உறவும் நமக்குள் உண்டு. வேலூருக்கு வருகிற பாலாறு, வழியில் எங்கள் பேத்தமங்கலம் ஏரியில் தங்கிவிட்டுத்தான் வருகிறது. எங்கள் ஊர் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். ஆகவே ஆறு காய்ந்து கிடப்பதற்கு யாரையாவது திட்டுவதாக இருந்தால், கூட்டம் முடிந்தபிறகு என்னைத் திட்டலாம். (சிரிப்பு)

கோலார் தங்கவயலைத்தான் கே.ஜி.எஃப். என்கிறோம். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே 2018-இல் வந்த கன்னடப் படத்தைத்தான் பலரும் நினைக்கிறார்கள். 'தங்கலான்' படம் வந்த பிறகு, "உங்க ஊர்ல நெஜமாவே அப்படித்தானா சார்?" என்று கேட்கிறார்கள். நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். 1966-இல் பிறந்தேன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மெதுவாக உயிரை விட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கு விவரம் தெரிந்தது. ஆனால் அது உயிரை விடுகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஒரு ஊர் சரிவது அந்த ஊர்ப் பிள்ளையின் காதில் எப்படி விழும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1802-இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை லெப்டினன்ட், அந்தப் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். 1873-இல் லவேல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் தோண்ட உரிமம் கேட்டார். 1880 வாக்கில் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதன்பிறகு வந்தவர்கள் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துச் சுரங்கக்காரர்கள். அங்கே சுரங்க மேலாளரை 'கேப்டன்' என்பார்களாம். கப்பலே பார்க்காத எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு கேப்டன் இருந்தது அப்படித்தான்.

1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து எங்கள் ஊருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரு நகரத்துக்கே 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. இதை எங்கள் ஊர்க்காரர்கள் யாரைப் பார்த்தாலும் சொல்வோம். ஆனால் என் ஆயா கல்யாணமாகி லைன் வீட்டுக்கு வந்தபோது ஏற்றியது காடா விளக்குதான். "கரண்டு நமக்கா வந்துச்சு? மிசினுக்கு வந்துச்சு" என்பாள்.

இந்த லைன் என்ற சொல்லை விளக்கவேண்டும். முதுகோடு முதுகாக, தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றை அறை வீடுகளின் வரிசைதான் லைன். ஆதியில் மூங்கில் தட்டியை நிறுத்தி மண் பூசிய வீடுகள். எங்கள் காலத்தில் பாதி தட்டி, பாதி தகரம், சில இடங்களில் செங்கல். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் நான்காவது வீட்டில் தும்முவார்கள். இரண்டாவது வீட்டில் புருஷன் பெண்டாட்டி மெதுவாகச் சண்டை போட்டாலும் ஐந்தாவது வீட்டில் தீர்ப்புத் தயாராகிவிடும்.

இப்படிப்பட்ட சுவர்களுக்கு நடுவில்தான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஆண்கள் பகலில் தூங்கவேண்டும்.

எங்கள் ஊரில் அப்போது நேரத்தைச் சொன்னது சுரங்கத்தின் சங்கு. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் ஊதும். என் அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, தேவையும் இருக்கவில்லை. சங்கு ஊதினால் உலை வைப்பாள், அடுத்த சங்குக்குக் களி கிண்டுவாள். நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் நைட். அவரோடு சேர்ந்து வீட்டின் பொழுதும் மாறும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் எங்களுக்குக் காலையில்தான் ராச்சாப்பாடு. களியும் மாட்டுக்கறிக் குழம்பும் வைத்து, நைனா சாப்பிடுவதைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். கடைசி உருண்டைகளை எங்களுக்குக் கொடுப்பார். பிறகு சுவரோரம் பாயைப் போட்டுப் படுப்பார். அம்மா துவைத்த மைன்ஸ் டவுசரை வாசல் கொடியில் காயப்போடுவாள்.

அந்த டவுசர்தான் எங்கள் லைனின் அறிவிப்புப் பலகை. எந்த வாசலில் ஈரமான மைன்ஸ் டவுசர் தொங்குகிறதோ, அந்த வீட்டில் ஒருவர் தூங்குகிறார். கீரைக்காரி கூவிக்கொண்டு வருவாள், கொடியைப் பார்த்ததும் குரலை அப்படியே விழுங்கிவிடுவாள். உப்பு வண்டிக்காரர் மணியைக் கையால் பொத்திக்கொள்வார். பெண்கள் குழாயடியில் குடத்தைக் கல்லில் வைக்காமல் மடித்த சாக்கின்மேல் வைப்பார்கள். பல்லாங்குழி ஆடும்போது குழிக்குள் பழந்துணியைத் திணித்துக்கொள்வார்கள், புளியங்கொட்டை சத்தம் போடக்கூடாது என்று.

எங்களுக்கு, அதாவது பையன்களுக்கு, பெரிய சிக்கல் சடுகுடு. பாடாமல் சடுகுடு எப்படி ஆடுவது? ஆடினோம். எங்கள் லைனில் பாடாத சடுகுடு என்றே ஓர் ஆட்டம் இருந்தது. ஏறிப் போகிறவன் உதட்டை மட்டும் அசைக்கவேண்டும், குரல் வெளியே வரக்கூடாது. அவன் மூச்சு விட்டானா இல்லையா என்பது எதிரணிக்குத் தெரியவே தெரியாது. அவன் மனசாட்சிக்குத்தான் தெரியும். மூச்சு விட்டவன் தானே நின்று, கையைத் தூக்கி, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகவேண்டும். போனோம். பின்னால் கல்லூரிக்கு வந்து பாடுகிற கபடியை முழுதாக ஆடியபோது எனக்கு அது நாகரிகமில்லாத ஆட்டமாகத் தோன்றியது. (சிரிப்பு) பத்துப் பேர் மண்ணில் புரண்டு, முழங்கை சிராய்த்து, கால் இடறி விழுந்து, ஒரு சத்தமும் இல்லாமல் எழுவதைக் கற்பனை செய்து பாருங்கள். வெளியூரிலிருந்து வந்த என் மாமா ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஊமைப் பசங்களா?" என்று கேட்டார். ஆயா அவர் வாயைப் பொத்தினாள்.

நைனா எங்கே போய்வருகிறார் என்பது அப்போது எங்களுக்கு முழுதாகப் புரியாது. "கீழ" போகிறார், அவ்வளவுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போனது, அதாவது மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. ஒரே கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், ஏறி நேராக அடிவரைக்கும் போய்விட முடியாது. ஒரு ஷாஃப்டில் இறங்கி, நடந்து, அடுத்த ஷாஃப்டில் இறங்கவேண்டும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் மனிதன் நிற்கமுடியும். இவையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று நைனா சொன்னதெல்லாம், "கீழ வெயில் காலம்டா எப்பவும்" என்பது மட்டும்தான்.

ஒருமுறை கேட்டேன்: "நைனா, தங்கம் எப்படி இருக்கும்?"

"கல்லு மாதிரி இருக்கும்."

"மஞ்சளாவா?"

"கருப்பா இருக்கும். சாம்பலா இருக்கும். நான் இன்னும் மஞ்சளா பாக்கல."

முப்பத்தைந்து வருடம் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர் சொன்னது. அவர் வெட்டியது கல்லை. அந்தக் கல் மேலே போய், மாவாக அரைபட்டு, சயனைடு கலந்த நீரில் ஊறி, அதன்பிறகுதான் தங்கமாகும். வேலை முடிந்து வெளியே வரும்போது உடம்பைத் தடவிச் சோதனை போட்டுத்தான் விடுவார்கள். எதற்காகச் சோதிக்கிறார்களோ அதை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்குத் தங்கம் வந்த வழி வேறு. எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை நகைக்கடையில் வாங்கிய ஒரு ஜோடித் தோடு அம்மாவுக்கு இருந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அது அடகுக்கடைக்குப் போகும். போனஸ் வந்ததும் மீண்டு வரும். நடுவில் அம்மாவின் காதில் வேப்பங்குச்சி. தோடு வந்துவிட்டால் பண்டிகை, குச்சி ஏறிவிட்டால் பள்ளிக்கூடம் என்று என் தம்பி காலண்டரே வைத்திருந்தான். தொடங்கிய நாளிலிருந்து மூடிய நாள்வரை, நூற்றிருபது ஆண்டுகளில், சுமார் 800 டன் தங்கம் அந்த ஊரிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்த ஊரில்தான் தெருவுக்கு ஓர் அடகுக்கடையும் இருந்தது.

எங்களை அழவைத்த சத்தம் ஒன்று உண்டு. அதற்கு எங்கள் ஊரில் 'ஏர்பிளாஸ்ட்' என்று பெயர். ஆழத்தில் குடைந்துகொண்டே போகப்போக, மேலிருக்கும் பாறையின் பாரம் தாங்காமல் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறும். நிலநடுக்கம் மாதிரி மேலே ஊரும் ஆடும். முதலில் அலமாரித் தட்டில் டம்ளர்கள் கிணுகிணுக்கும், அப்புறம் கூரைத் தகரம் முனகும். அதன்பிறகு சில நொடி எதுவும் இருக்காது. அந்த நொடிகளில் லைன் முழுக்க ஒரே காரியம்தான் நடக்கும். ஒவ்வொரு பெண்ணும் கணக்குப் போடுவாள்: இன்றைக்கு என்ன கிழமை, என்ன ஷிஃப்ட், யார் கீழே? கணக்கு முடிந்ததும் சிலர் உட்கார்ந்துவிடுவார்கள், சிலர் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள்.

ஒருநாள் மத்தியானம் அப்படி ஆடியது. நைனா நைட் ஷிஃப்ட், வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அது தெரியும். இருந்தும் ஓடிப்போய் அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. அம்மா அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு, வெளியே வந்து, பக்கத்து வீட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்டுக்கு நடந்தாள். தன் புருஷன் மேலே இருக்கிறான் என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டு அன்று ஒரு பெண்ணும் வீட்டில் உட்காரவில்லை. எங்களை மட்டும் "சத்தம் போடாம இருங்க, நைனா தூங்கறாரு" என்று சொல்லி விட்டுப்போனார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். எங்கள் ஊர் வெறும் கூலிக்காரர் ஊர் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் சென்னையில் வேர்விட்ட காலத்திலேயே எங்கள் ஊரின் மாரிக்குப்பத்திலும் வேர்விட்டது. பண்டிதர் 1914-இல் மறைந்தார். அவர் நடத்திய 'தமிழன்' இதழ் பிறகு சில ஆண்டுகள் எங்கள் ஊரிலிருந்து வெளிவந்தது. கேஜில் இறங்கி வேலை செய்துவிட்டு வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து புத்தரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் விவாதித்தார்கள்.

1930-இல் தொழிலாளர்களின் கைரேகைகளைப் பதிவுசெய்யவேண்டும் என்று ஒரு விதி வந்தது. குற்றவாளிகளிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று ஊரே கொதித்தது. ஏறக்குறைய மூன்று வாரம் வேலை நின்றது. என் தாத்தாவுக்கு அப்போது மீசை அரும்பிய வயது. அதன்பிறகு அவர் எந்தத் தாளிலும் கைநாட்டு வைத்ததில்லை. தன் பெயரை எழுத மட்டும் யாரிடமோ கற்றுக்கொண்டார். வேறொரு எழுத்தும் தெரியாது, தன் பெயர் மட்டும் தெரியும். என் பள்ளி அட்டையில் கையெழுத்துப் போட நைனாவுக்குப் பதிலாக அவர்தான் முந்துவார். நான்கு எழுத்துப் போட ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். அந்த ஐந்து நிமிடமும் வீட்டில் ஒருவரும் அசையக்கூடாது.

இன்னொரு பெருமை விஞ்ஞானம். சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகக்காரர்களோடு சேர்ந்து ஆராய்ச்சி நடத்தினார்கள். 1965-இல், அதாவது நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால், வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ துகள்களை அங்கே கண்டுபிடித்தார்கள். அந்த வகையில் உலகத்தின் முதல் கண்டுபிடிப்புகளில் அதுவும் ஒன்று. நியூட்ரினோ எதன் வழியாகவும் போகும். மலை, பாறை, பூமி, மனிதன் எதிலும் ஒட்டாது. மற்ற துகள்களையெல்லாம் இரண்டு கிலோமீட்டர் பாறை தடுத்துவிடும் என்பதால்தான் அவ்வளவு ஆழத்தில் கருவியை வைத்தார்கள். "பம்பாய்க்காரங்க கூட கேஜில போனேன், வணக்கம் வெச்சாங்க" என்று நைனா சொல்வார். எதைத் தேடுகிறார்கள் என்று கேட்டால், "கண்ணுக்குத் தெரியாத தூசியாம்" என்பார்.

கண்ணுக்குத் தெரியாத தூசி எங்கள் வீட்டிலும் இருந்தது. பாறையில் துளைபோடும்போது பறக்கிற கல்தூசி. அது நியூட்ரினோ மாதிரி கடந்து போய்விடுவதில்லை, நெஞ்சில் தங்கிவிடும். சிலிகோசிஸ் என்று டாக்டர்கள் எழுதுவார்கள். எங்கள் லைனில் 'கல்லு இருமல்' என்பார்கள். நைனாவுக்கு அது நாற்பத்தைந்து வயதில் ஆரம்பித்தது.

இனி சரிவுக்கு வருகிறேன். தாளில் பார்த்தால் கதை தெளிவாக இருக்கும். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசுக்குப் போனது. 1972-இல் பொதுத்துறை நிறுவனமானது. தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லை அரைத்தால் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. ஆழம் போகப்போக அது சில கிராமுக்கு இறங்கியது. கல்லை மேலே தூக்கவும், ஊறும் தண்ணீரை இறைக்கவும், கீழே குளிர்காற்று அனுப்பவும் ஆகிற செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. புதிதாக ஆள் எடுப்பது குறைந்தது. ஷாஃப்டுகள் ஒவ்வொன்றாக நின்றன.

ஆனால் ஒரு பத்து வயதுப் பையனுக்கு டன்னும் கிராமும் தெரியுமா? எனக்கு அது வேறுவிதமாக வந்தது. என் சிறு வயதில் எங்கள் லைனின் இருபது வீட்டில் பதினாறு வாசலிலாவது மைன்ஸ் டவுசர் தொங்கும். பத்தாவது படிக்கும்போது எண்ணினால் ஏழு. சிலர் ஓய்வு பெற்றிருந்தார்கள், சிலர் இறந்துபோயிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கீழே வேலை இல்லை. ஊருக்கு வந்த மண்வாரி இயந்திரத் தொழிற்சாலையில் சிலருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்கள் பெங்களூருக்குப் போனார்கள். கொடிகளில் பேன்ட்டும் சுடிதாரும் காய ஆரம்பித்தன.

ஒருநாள் சாயங்காலம் ஆடிக்கொண்டிருந்தபோது, சின்னப் பையன் ஒருவன் தெரியாமல் சத்தமாகப் பாடிவிட்டான். "சடுகுடு சடுகுடு" என்று லைன் முழுக்கக் கேட்டது. நாங்கள் அப்படியே உறைந்து நின்றோம். எந்த வாசலிலிருந்து யார் வந்து காதைத் திருகப்போகிறார்கள் என்று பார்த்தோம். ஒருவரும் வரவில்லை. கொடிகளைப் பார்த்தோம், ஒரு டவுசர்கூட இல்லை. அந்த வாரம் எங்கள் லைனில் பகலில் தூங்குகிற ஆளே இல்லை. எங்களுக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. தொண்டை கிழியக் கத்தினோம். வேண்டுமென்றே குடத்தைத் தட்டினோம். ராத்திரி விளக்கு வைக்கும்வரை பாடிப்பாடி ஆடினோம்.

என் ஆயா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்கு அன்று புரியவில்லை. சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் ஊர் நின்றுபோகிறது என்பதை நாங்கள் விடுமுறையாகக் கொண்டாடிக்கொண்டிருந்தோம் ஐயா.

அதே வருடம் ஜூன் மாதம் போன தோடு பொங்கலுக்குத் திரும்பவில்லை. அடுத்த பொங்கலுக்கும் திரும்பவில்லை. அம்மா வேப்பங்குச்சியை எடுத்துவிட்டுப் பித்தளைத் தோடு வாங்கிப் போட்டுக்கொண்டாள். தம்பியின் காலண்டர் அதோடு முடிந்தது.

அந்தக் காலத்தை முழுக்கத் துக்கமாகச் சொன்னால் பொய்யாகிவிடும். சயனைடு மேடுகளில் நாங்கள் சறுக்கி விளையாடியதைச் சொல்லாமல் விடமுடியாது. தங்கம் எடுத்தபின் மிஞ்சும் மாவுமண்ணை நூறாண்டுகளாகக் கொட்டிக்கொட்டிக் குன்றுகளே எழுந்திருந்தன. மழை அவற்றை வரிவரியாக அறுத்து, பெரிய கோபுரத்தின் அடுக்குகள் மாதிரி செய்திருக்கும். உடைந்த தகரத்தில் உட்கார்ந்து உச்சியிலிருந்து சறுக்கினால் அடிவயிறு கூசும். கோடையில் காற்று எழுந்தால் அந்த மண் ஊர்மேல் இறங்கும். சோற்றில் நறநறக்கும், பாயில் படியும், தலைமுடி நரைத்துப்போகும். "பசங்களுக்குத் தாத்தா வயசாயிடுச்சு" என்று நைனா சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும்.

நான் 1984-இல் கல்லூரிக்காக ஊரைவிட்டேன். நைனா 94-இல் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்தார். விருப்பம் என்ற சொல்லை, தாத்தா கையெழுத்துப் போடுவதைப் போல நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கைநாட்டு இல்லை.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இரவில் படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சுமுட்டும். ராத்திரி முழுக்கத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், விடிந்தபிறகு கண்ணயர்வார். வேலையே இல்லாத மனிதருக்கு நிரந்தர நைட் ஷிஃப்ட். அம்மா பழையபடி வாசலுக்கு வந்து, தெருவில் கத்துகிற பிள்ளைகளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். ஆனால் அவை புதுப் பிள்ளைகள், அந்தச் சைகை அவர்களுக்குப் புரியவில்லை. அம்மா ஒருநாள் பழைய பெட்டியைத் திறந்து, நைனாவின் மைன்ஸ் டவுசரை எடுத்து, தண்ணீரில் நனைத்து, கொடியில் போட்டாள். பிள்ளைகளுக்கு அதுவும் புரியவில்லை. பெரியவர்களுக்குப் புரிந்தது. கீரைக்காரிக்குப் புரிந்தது. லைன் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். ஒருவருக்கு முடிந்துபோனால் 'சங்கு ஊதிவிட்டார்கள்' என்போம் இல்லையா? எங்கள் ஊரில் சங்கு நின்றதுதான் முடிவு. நான் அப்போது ஊருக்குப் போயிருந்தேன். மறுநாள் விடியற்காலை சங்கு ஊதும் நேரத்துக்கு லைனில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. ஊதவில்லை. ஆனால் எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா உலை வைத்தாள். நைனா தலையணையில் சாய்ந்தபடி, "இன்னும் ஊதலையா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரும் போய்விட்டார். இறைப்பது நின்றதால் அவர் நடந்த இடங்களிலெல்லாம் இன்று தண்ணீர் நிற்கிறது.

சங்கின் இடத்தை ரயில் பிடித்துக்கொண்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்கு ரயில் புறப்படுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வருகிறார்கள், போகவர நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல். காவலாளி, கட்டட வேலை, கடை, ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் கம்பெனி என்று எல்லா வேலைக்கும். என் தம்பியும் அதில்தான் இருபது வருடமாகப் போகிறான். சாயங்கால ரயிலில் பெண்கள் அரிவாள்மணை இல்லாமலே மடியில் தட்டு வைத்துக் கத்தியால் காய் நறுக்கிக்கொண்டு வருவார்கள், இறங்கியதும் அடுப்பில் ஏற்ற. நைனா மூன்று கிலோமீட்டர் கீழே போய்வந்தார், தம்பி எண்பது கிலோமீட்டர் பக்கவாட்டில் போய்வருகிறான். வீட்டில் இருக்கும் நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

"பேய் ஊர்" என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். உடைந்த பங்களா, துருப்பிடித்த ஷாஃப்ட் சக்கரம், முள் முளைத்த கிளப் ஆகியவற்றைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். படத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் படத்துக்குச் சத்தம் கிடையாது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய வீட்டில் இப்போது தம்பி குடும்பம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும், திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் எட்டு ஒன்பது பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏதோ வித்தியாசமாகப்பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. ஒருவனும் கத்தவில்லை. விக்கெட் விழுந்தது. பந்து போட்டவன் இரண்டு கையையும் தூக்கி, வாயை அகலத் திறந்து, சத்தமே இல்லாமல் கத்தினான். மட்டை பிடித்தவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

"ஏண்டா, உங்களுக்கெல்லாம் வாய் இல்லையா?" என்று கேட்டேன்.

ஒருவன் ஓடிவந்து விரலை உதட்டில் வைத்தான். எதிர்வீட்டைக் காட்டினான். அந்த வாசல் கொடியில் ஒரு பெண்ணின் நீலச் சீருடைச் சட்டை ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா நைட் ஷிஃப்ட் தாத்தா" என்றான், காதோடு காதாக. "இப்பதான் ரயில்ல வந்து படுத்துச்சு."